தபால் துறையின் நஷ்டக் கணக்கு: பில்லை யார் கட்டுவது?

கரிசல்கடை (இழையைத் தொடங்கியவர்)

கோவில்பட்டியில் கடலை மிட்டாய், எள்ளு மிட்டாய் போட்டு ஆன்லைனில் விற்கிறோம். 2020ல் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர் கூடியிருக்கிறது, கூடவே பார்சல் செலவும். கடலைக்கும் வெல்லத்துக்கும் அடுத்து எங்களுக்குப் பெரிய செலவு அதுதான்.

சென்னை, கோவை, பெங்களூரு என்றால் தனியார் கொரியர். ஆள் வந்து எடுத்துப் போகிறார்கள், மாதக் கடைசியில் பில் வருகிறது. ஆனால் மூன்று வகை முகவரிக்கு இன்றைக்கும் தபாலைத்தான் நம்பியிருக்கிறேன். ஒன்று, மெயின் ரோட்டை விட்டு விலகிய கிராமங்கள். இரண்டு, வடகிழக்கு, லடாக் மாதிரி இடங்கள். மூன்றாவது பட்டாளம். எங்கள் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் ராணுவத்தில் இருக்கிறார்கள். "56 ஏ.பி.ஓ." என்று முடியும் முகவரியைக் கொரியர் கடையில் நீட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பார்கள். அது ராணுவத் தபால் வழியாகத்தான் போகும்.

தபால் துறையைப் பெரிய பொது லாஜிஸ்டிக்ஸ் நிறுவனமாக மாற்றுவோம் என்று 2025 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் சொன்னார். லாபம் ஈட்டும் துறையாக்குவோம் என்ற பேச்சும் அதற்கப்புறம் அடிக்கடி வருகிறது. நல்லதுதான். ஆனால் லாபம் பார்க்கத் தொடங்கும் எவனும் முதலில் நஷ்டம் வருகிற லைனைத்தான் வெட்டுவான். நானும் என் கடையில் அதைத்தான் செய்வேன். இங்கே அப்படி வெட்டினால் போவது நான் சொன்ன மூன்று வகை முகவரிகள்தானே?

சைக்கிள் மணி, பொங்கல் வாழ்த்து அட்டை நினைவுகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே கணக்கு பேசுவோம்.

---

கொரியர்மணி

கணக்கு என்றால் நான் பேசுகிறேன். கொரியர் ஃபிரான்சைஸ் எடுத்து நடத்துகிறவன்.

அஞ்சலட்டை 50 காசு. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க 12 ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் துறையின் கணக்கே சொன்னது. சரி, அட்டை ஏழை எளியவர்களுக்கு என்று விட்டுவிடலாம். பார்சல்? அதே கணக்கில் ஒரு பார்சலுக்குச் சராசரிச் செலவு 89 ரூபாய், வருமானம் அதில் பாதி. எதிர்காலமே இதில்தான் என்று எல்லோரும் கை காட்டுகிற சரக்கில் ரூபாய்க்கு எட்டணா நஷ்டம்! என் கடையில் அப்படி நடந்தால் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். அவர்களுக்கு மட்டும் பற்றாக்குறையை மத்திய அரசு கட்டும்.

இன்னொன்று. ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தை 2012 அக்டோபரில் ஏற்றினார்கள், அப்புறம் 2025 அக்டோபரில்தான் கை வைத்தார்கள். நடுவில் டீசல் ஏறவில்லையா, பையன்கள் சம்பளம் ஏறவில்லையா? அந்த விலையோடு மல்லுக்கட்டித்தான் நாங்கள் தொழில் செய்தோம். தனியார் கொள்ளையடிக்கிறான் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

---

ஓய்வூதியர்

மணி தம்பி சொல்லும் எண்கள் சரி. அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தலைமை அஞ்சலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த 12 ரூபாய் சராசரிச் செலவு. துறையின் மொத்தச் செலவை ஒவ்வொரு சேவைக்கும் பங்கு பிரித்து, அந்தச் சேவையின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. அட்டை எழுதுகிறவர்கள் குறையக் குறைய மிச்சமிருக்கிற ஒவ்வொரு அட்டையின் தலையிலும் விழுகிற பங்கு ஏறிக்கொண்டே போகும். நாளைக்கே அட்டையை நிறுத்தினால் 12 ரூபாய் மிச்சமாகுமா? ஆகாது. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் துணை அஞ்சலகத்திலிருந்து கிளை அஞ்சலகத்துக்குப் பை போயாகவேண்டும். அதே பையில்தான் ஏ.டி.எம். கார்டும் போகிறது, ஆதார் அட்டையும் போகிறது, கரிசல்கடையின் மிட்டாயும் போகிறது.

அடுத்து ஓய்வூதியம். எங்கள் பென்ஷனும் துறையின் கணக்கில்தான் ஏறுகிறது. பற்றாக்குறை என்று பேப்பரில் வருகிற தொகையில் என் மாதப் பென்ஷனும் உண்டு. 2004க்குப் பிறகு சேர்ந்தவர்கள் புதிய பென்ஷன் திட்டம் என்பதால் இந்தச் சுமை இறங்கும், ஆனால் எங்கள் தலைமுறை போய்ச் சேரவேண்டும். அவசரமில்லை.

முக்கியமானது மூன்றாவது. தபால் துறையின் பெரிய வருமானம் தபாலில் வருவதே இல்லை, சேமிப்பு வங்கியில் வருகிறது. ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு), செல்வமகள், பி.பி.எஃப்., மூத்த குடிமக்கள் சேமிப்பு எல்லாம் நிதி அமைச்சகத்தின் திட்டங்கள். துறை அவற்றை நடத்திக் கொடுக்கிறது, கணக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அமைச்சகம் கூலி கொடுக்கிறது. வீடு வீடாக ஆர்.டி. வசூலிக்கும் ஏஜென்ட் அக்காக்களுக்கு 4 சதவீதம் கமிஷன் தனி.

---

எண்ணும்எழுத்தும்

ஐயா கடைசியில் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன். சேமிப்பு வங்கி வேலைக்கு அரசு வாடிக்கையாளராக நின்று பணம் கட்டுகிறது. அதனால் அது "வருமானம்". கிராமத்துக்குத் தினமும் பை போகவேண்டும் என்பதும் அதே அரசின் உத்தரவுதான். அதற்கு யாரும் பில் போடுவதில்லை. அதனால் அது "நஷ்டம்". வேலை இரண்டுமே அரசு சொல்லிச் செய்கிற வேலை, கணக்கில் எழுதுகிற பத்திதான் வேறு.

பழைய முறையில் இதற்கு ஒரு விடை இருந்தது. 1898 அஞ்சல் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடிதம் கொண்டுசெல்லும் தனி உரிமையை அரசுக்குக் கொடுத்தது. ஊரெல்லாம் போ, நஷ்டம் வரும், பதிலுக்கு லாபம் வருகிற நகரத்துக் கடிதம் முழுவதும் உனக்கே. ஒப்பந்தம் இதுதான். கொரியர்காரர்கள் கடிதத்தை "டாக்குமென்ட்" என்று பெயர் மாற்றி அந்த வேலிக்குள் புகுந்தார்கள். (மணி, கோபிக்காதீர்கள்.) 2023ல் புதுச் சட்டம் வந்தது, 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது. அதில் அந்தத் தனி உரிமை இல்லை. நடைமுறையில் செத்துப்போனதைச் சட்டத்திலும் எடுத்துவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சலுகையை எடுத்தவர்கள் கடமையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள், பத்தில் ஒன்பது கிராமத்தில். அந்தச் செலவுக்கு இப்போது எந்தப் பத்தியிலிருந்து பணம்?

தொலைபேசியில் இதே சிக்கல் வந்தபோது நிதி வைத்தார்கள். கம்பெனிகள் வருமானத்தில் 5 சதவீதத்தைக் கிராமச் சேவை நிதிக்குக் கட்டுகின்றன. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். கொரியர் துறையில் அப்படி ஒன்றும் கிடையாது.

---

கொரியர்மணி

அடடா, கடைசியில் என் கல்லாவுக்கே வந்துவிட்டீர்கள். அலைக்கற்றை அரசாங்கத்தின் சொத்து, அதை எடுத்துச் சம்பாதிக்கிறவன் கட்டுகிறான். நான் ரோட்டில் டோல் கட்டி வண்டி ஓட்டுகிறேன். எதற்கு 5 சதவீதம்? பெரிய ஆன்லைன் கம்பெனிகள் சொந்தமாகவே டெலிவரி வைத்துக்கொண்டு எங்களைப் பிழிகிற காலத்தில் இதுவும் சேர்ந்தால் என்னைப்போன்ற ஃபிரான்சைஸ்காரன்தான் சாவான், அவர்கள் அல்ல.

---

ஆர்ஹூஸ்வாசி

டென்மார்க்கில் இருக்கிறேன். வெட்டினால் என்ன ஆகும் என்று இழை தொடங்கியவர் கேட்டார். இங்கே வெட்டிவிட்டார்கள்.

2025 டிசம்பர் 30 அன்று டென்மார்க், ஸ்வீடன் அரசுகளின் தபால் நிறுவனமான போஸ்ட்நோர்ட் இங்கே தன் கடைசிக் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1624ல் தொடங்கிய சேவை. 2000ல் சுமார் 140 கோடி கடிதங்கள் இருந்த இடத்தில் 2024ல் 11 கோடி. தெருவோரச் சிவப்புப் பெட்டிகள் 1,500 இருந்தன, எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கடிதம் அனுப்பவேண்டும் என்றால் டாவோ என்ற தனியார் நிறுவனத்தின் கடைக்குப் போகவேண்டும். போஸ்ட்நோர்ட் பார்சலில் மட்டும் இருக்கிறது.

மக்கள் கடிதம் எழுதுவதை நிறுத்தியதால் இது நடந்தது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது பாதிக் கதை. 2014ல் அரசுக் கடிதங்கள் எல்லாம் மின்வழியாகத்தான் வரும் என்று கட்டாயமாக்கினார்கள். வரி, மருத்துவமனை, நகராட்சி எல்லாம் டிஜிட்டல் அஞ்சல்பெட்டிக்குப் போயின. தபாலின் மிகப் பெரிய வாடிக்கையாளரே கடையை விட்டுப் போனார், அந்த வாடிக்கையாளர்தான் கடையின் முதலாளியும்! அப்புறம் 2024ல் சந்தையைத் திறந்தார்கள், கடிதத்துக்கு இருந்த வரிவிலக்கும் போயிற்று. கட்டணம் 29 குரோனருக்கு ஏறியது. 29 குரோனர் கொடுத்து யார் கடிதம் போடுவார்கள்?

அதே நிறுவனம் ஸ்வீடனில் இன்னும் கடிதம் கொடுக்கிறது. எந்த அரசு எதற்குப் பணம் கட்டத் தயார் என்பதைப் பொறுத்த விஷயம் இது.

---

ஓய்வூதியர்

இங்கேயும் அந்தத் திசையில்தான் போகிறோம். ஆதார், பான், பாஸ்போர்ட், ஏ.டி.எம். கார்டு, காசோலைப் புத்தகம், இவைதான் இன்றைக்கு ஸ்பீடு போஸ்ட்டின் சாப்பாடு. ஒவ்வொன்றாக போனுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பதிவுத் தபாலை 2025ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்தாயிற்று. கோர்ட் நோட்டீஸும் மின்வழியாகப் போகத் தொடங்கினால் தபால்காரர் பையில் என்ன மிஞ்சும் என்று நாங்கள் சங்கக் கூட்டத்திலேயே பேசிக்கொள்வதுண்டு.

---

நிலபுலன்

ஊர் ஊருக்கு மெயின் ரோட்டில் இடம் வைத்திருக்கிறார்கள். அண்ணா சாலையில் ஒன்று, பாரிமுனையில் 1884ல் கட்டிய ஜி.பி.ஓ. அதையெல்லாம் வாடகைக்கு விட்டாலே நஷ்டம் தீராதா?

---

எண்ணும்எழுத்தும்

வாடகைக்கு விடலாம், விடவேண்டும். ஆனால் அது அண்ணா சாலைக்கு. கிராமத்தில் அஞ்சலகத்துக்கென்று கட்டடமே கிடையாது. அதைக் கிளையஞ்சல் என்ற பெயரில் இங்கே எழுதுகிறவர் வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

---

அச்சுக்கோவை

நடுவில் ஒரு பதிப்பாளர் குரல். சின்னப் பதிப்பகம், பாதி விற்பனை தபாலில்.

2024 டிசம்பரில் புத்தகங்களுக்கான சலுகைத் தபாலை நிறுத்தினார்கள். சத்தம் எழுந்தது. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று புதிதாக ஒன்று வந்தது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், டிராக்கிங் உண்டு. உண்மையைச் சொன்னால் 5 கிலோ 100 ரூபாய் என்பது நல்ல விலை. நூலகங்களுக்குக் கட்டாக அனுப்பும்போது இதை அடிக்க ஆளில்லை. ஆனால் விளம்பரம் இருக்கும் வெளியீடுகளுக்கு இதில் இடமில்லை. பத்திரிகையாகப் பதிவு செய்துகொள்ளாமல் வருகிற சிற்றிதழ்கள் பின்னட்டையில் நாலு விளம்பரம் வாங்கித்தான் காகிதக் காசு பார்க்கின்றன.

மணிக்கு ஒரு கேள்வி. 150 ரூபாய்ப் புத்தகத்துக்கு உங்கள் கடையில் என்ன வாங்குவீர்கள்? நான் விசாரித்த இடத்தில் சொன்ன விலைக்கு, வாசகர் இன்னொரு சிறு புத்தகமே வாங்கிவிடலாம்.

---

கிளையஞ்சல்

கூப்பிட்டதால் வந்தேன். கிளை அஞ்சல் அதிகாரி. பெயரில்தான் அதிகாரி, நாங்கள் கிராமிய டாக் சேவக். துறையின் நிரந்தர ஊழியர் கணக்கில் வரமாட்டோம். நாடு முழுக்க 2.4 லட்சம் டாக் சேவகர்கள் என்று அந்த 2025 பட்ஜெட் உரையிலேயே சொன்னார்கள்.

அஞ்சலகத்துக்கு இடம் நாங்கள்தான் கொடுக்கவேண்டும், அது வேலை நிபந்தனை. என் வீட்டு முன்திண்ணையை மறைத்து மேஜை போட்டிருக்கிறேன். தராசு, தேதி முத்திரை, விரல் ரேகைக் கருவி, துறை கொடுத்த போன். காலையில் பை வரும், சாயங்காலம் போகும். நான்கு மணி நேரம் அல்லது ஐந்து மணி நேரம் என்று கணக்கிட்டு அதற்கு ஏற்ற படி. 2018ல் திருத்தியபோது கிளை அஞ்சல் அதிகாரிக்கு நான்கு மணி நேரத்துக்கு 12,000 அடிப்படை, மேலே அகவிலைப்படி. எட்டு மணி நேர வேலையாக்குங்கள், நிரந்தரமாக்குங்கள் என்று 2018லும் 2023லும் வேலைநிறுத்தம் நடந்தது.

இப்போது என் திண்ணைக்கு வருகிறவர்களில் கடிதத்துக்காக வருகிறவர் அபூர்வம். முதியோர் உதவித்தொகை முன்பு மணியார்டரில் வந்தது, இப்போது வங்கிக் கணக்கில் விழுகிறது. வங்கி பஸ் ஏறிப் போகிற தூரத்தில். பாட்டி இங்கே வந்து ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைப்பார். ரேகை தேய்ந்த விரல், முதல் தடவை எடுக்காது. ஈரத் துணியில் துடைத்துவிட்டு வேறு விரலை வைக்கச் சொல்வேன். எடுத்ததும் பணத்தை எண்ணிக் கையில் கொடுப்பேன். அதற்குப் பாட்டியின் வங்கி எங்கள் போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக்கு ஒரு சிறு கட்டணம் தருகிறது, அதில் கொஞ்சம் எனக்கு. ஆகையால் எண்ணும்எழுத்தும் சொன்ன மாதிரி, பில் போடுகிற வேலையும் இந்தத் திண்ணையில் நடக்கிறது, பில் இல்லாத வேலையும் நடக்கிறது.

கடன் கேட்டால்தான் கையை விரிக்கவேண்டியிருக்கிறது. பேமென்ட்ஸ் வங்கி கடன் கொடுக்கக்கூடாது, ஒரு கணக்கில் 2 லட்சத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. ஆட்டுக்குட்டி வாங்க 20,000 கேட்டு வருகிறவர் என்னைத் தாண்டி மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவுக்குப் போகிறார். அவருடைய வரவு செலவு மொத்தமும் தெரிந்த ஆள் நான்தான்.

---

கொரியர்மணி

கிளையஞ்சல் எழுதியதைப் படித்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. எங்கள் லிஸ்ட்டில் இல்லாத பின்கோடுக்குப் பார்சல் வந்தால் நானே பக்கத்து அஞ்சலகத்தில் போய் ஸ்பீடு போஸ்ட் போடுகிறேன். தொழிலில் நிறையப் பேர் செய்கிறோம், யாரும் வெளியே சொல்வதில்லை. டெலிவரி எல்லைக்கு வெளியே என்று கஸ்டமரிடம் ஓ.டி.ஏ. சார்ஜ் வாங்கிக்கொள்வோம், தபால் கட்டணம் போக மிச்சம் நமக்கு.

அச்சுக்கோவை, 150 ரூபாய்ப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள். தபாலிலேயே போடுங்கள்.

---

எண்ணும்எழுத்தும்

மணி சொன்னதுதான் இந்த இழையில் இதுவரை வந்த நல்ல தரவு. தனியார் சந்தையே கடைசி மைலுக்கு ஒரு விலை வைத்திருக்கிறது, அதற்கு ஓ.டி.ஏ. சார்ஜ் என்று பெயர். அந்த விலை துறைக்குப் போகாமல் நடுவில் நிற்கிறது.

என் யோசனை இதுதான். தபால் துறையைக் கணக்கில் இரண்டாகப் பிரியுங்கள். நகரங்களுக்கு இடையிலான பார்சல், ஸ்பீடு போஸ்ட் எல்லாம் ஒரு பக்கம். அது மணியோடு நேருக்கு நேர் போட்டி போடட்டும், வீட்டுக்கு வந்து எடுக்கட்டும், நஷ்டம் வந்தால் மேலாளர் பதில் சொல்லட்டும். கிளை அஞ்சலக வலை இன்னொரு பக்கம். அதை வைத்திருப்பதற்கு ஓர் அஞ்சலகத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசு வெளிப்படையாகக் கட்டணம் கட்டவேண்டும். பற்றாக்குறையை ஈடுகட்டுவதும் அதே பணம்தானே என்று கேட்கலாம். விலை எழுதிய ஒப்பந்தம் இருந்தால், தினமும் திறந்திருந்ததா, பார்சல் வீட்டுக்குப் போனதா, கருவி வேலை செய்ததா என்று கேட்க முடியும். பற்றாக்குறை மானியத்தில் எதையும் கேட்க முடியாது.

இத்தாலியில் இதற்கு நெருக்கமாக ஒன்று செய்கிறார்கள். அந்நாட்டுத் தபால் நிறுவனமான போஸ்தே இத்தாலியானேவின் லாபம் பெரும்பாலும் காப்பீடு, நிதிச் சேவையிலிருந்து. சிறு ஊர்களின் சுமார் 7,000 அஞ்சலகங்களை எல்லா அரசுச் சேவையும் கிடைக்கும் இடமாக மாற்றும் போலிஸ் (Polis) என்ற திட்டத்துக்கு அரசு தனியாகப் பணம் ஒதுக்கியது. கிராமத்து அஞ்சலகத்தின் செலவைக் கடிதத்தின் தலையில் கட்டவில்லை.

ஜெர்மனி மாதிரி ஆகலாம் என்பவர்களுக்கு: அந்நாட்டுத் தபால் நிறுவனமான டாய்ச்ச போஸ்ட், டி.எச்.எல். கொரியரை வாங்கி உலகக் கம்பெனி ஆனது உண்மை. ஆனாலும் 2025ல் உள்நாட்டுத் தபால், பார்சல் பிரிவில் 8,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார்கள்.

---

ஓய்வூதியர்

பிரிப்பது பேப்பரில் சுலபம். ஒரே ஆள் காலையில் பார்சலும் கொடுத்து, வழியில் ஆர்.டி. பணமும் வாங்கி வருகிறார். அவர் சம்பளத்தை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? இந்தப் பங்கு பிரிப்பில்தான் அந்த 12 ரூபாய் அஞ்சலட்டை பிறந்தது.

---

எண்ணும்எழுத்தும்

உண்மைதான் ஐயா. அதனால்தான் செலவிலிருந்து தொடங்காமல் விலையிலிருந்து தொடங்கலாம் என்கிறேன். ஒரு தாலுகாவின் கிளை அஞ்சலக வேலையை அப்படியே டெண்டர் விட்டுப் பார்க்கட்டும். யாருக்கும் கொடுக்கவேண்டாம், விலை தெரிந்தால் போதும். மணி, விளாத்திகுளம் தாலுகா முழுக்கத் தினமும் போகவேண்டும், ஒரு கடிதம் இருந்தாலும் கொடுக்கவேண்டும், பாட்டிக்குப் பணமும் எடுத்துக் கொடுக்கவேண்டும். மாதம் என்ன கேட்பீர்கள்?

---

கொரியர்மணி

தினமும் என்றால் நான் டெண்டரே போடமாட்டேன். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் சொல்கிறேன். இரண்டு வண்டி, நாலு பையன்கள், அவர்களுக்குப் பி.எஃப்., ஊர் ஊருக்கு ஒரு ரூம் வாடகை. அந்த ரூம் வாடகையிலேயே என் லாபம் போய்விடும். கிளையஞ்சல் துறைக்குக் கொடுத்த மாதிரி எனக்கு யாரும் திண்ணையைக் கொடுக்கப் போவதில்லை.

---

கரிசல்கடை

சரி, நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. என் பக்கக் கணக்கையும் வைத்துவிடுகிறேன்.

2025 ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குத் தபால் நின்றது. அவர்கள் 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கை எடுத்ததால் வந்த குழப்பம். திரும்பத் தொடங்கியது அக்டோபர் 15. தீபாவளி அக்டோபர் 20. அந்தப் பருவத்து அமெரிக்க ஆர்டர்களை ஒரு பெரிய சர்வதேச கொரியரில் விலை கேட்டேன். மிட்டாயை விட டப்பாவைக் கொண்டுபோகிற கூலி பல மடங்கு. பாதிப் பேர் ரத்து செய்தார்கள். தபால் இல்லாவிட்டால் என்ன விலை என்பது அப்போது எனக்குத் தெரிந்தது.

ஆகையால் கட்டணம் நியாயமாக ஏறினால் நான் கட்டுவேன். அதோடு எண்ணும்எழுத்தும் சொல்கிற ஒப்பந்தம் வந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் எனக்கு வேண்டியது மலிவு விலையைவிட நிச்சயம். ஏ.பி.ஓ. பார்சலை அடுத்த வருஷமும் எடுத்துக்கொள்வார்களா என்று தெரிந்தால்தான் நான் டப்பா அடிக்க ஆர்டர் கொடுக்க முடியும்.

கிளையஞ்சல், ஒரு யோசனை. உங்கள் ஊர்ப் பக்கம் மிட்டாய் போடும் மகளிர் குழு இருந்தால் சொல்லுங்கள். அவர்கள் பார்சலை உங்கள் திண்ணையிலேயே போட்டால் கோவில்பட்டிக்கு வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டியதில்லை. சாயங்காலப் பை எத்தனை கிலோ வரை தாங்கும்?

---

கிளையஞ்சல்

குழு இருக்கிறது. பையைச் சைக்கிளில் கட்டித்தான் துணை அஞ்சலகத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அதனால் முதலில் நாளுக்கு ஒரு பெட்டி என்று தொடங்குவோம். கூடினால் சப் போஸ்ட்மாஸ்டரிடம் மெயில் வண்டி கேட்கவேண்டும். எண்ணிக்கை காட்டினால்தான் கொடுப்பார்கள். தனிமடலில் எழுதுகிறேன்.